சிங்கப்பூரை மெச்சும் முன் தெஹிவளையின் கதையையும் கொஞ்சம் கேளுங்கள்



சென்ற தவணை விடுமுறையில் ஊர் வட்ஸ்அப் குழுவில் ஒரு வாக்குவாதம் நடந்தது. சிங்கப்பூர் போய் வந்த ஒரு சகோதரர், பிள்ளைகள் ஒராங்குட்டானுக்கு முன்னால் நிற்கும் படங்களைப் போட்டு, "இதைப் பார்த்த கண்ணுக்குத் தெஹிவளை ஒரு ஜெயில்" என்று எழுதினார். "நம்ம நாட்டுக்கு அவ்வளவுதான்" என்றார் இன்னொருவர். இரவு 11 மணிக்குள் 70 செய்திகள் வந்துவிட்டன. கடைசியில் பேச்சு எங்கேயோ போய், பாண் விலையில் முடிந்தது.

நாங்கள் மூவரும் அன்று வாய் திறக்கவில்லை. எங்களைத் தெரிந்தவர்களுக்கு எங்கள் பைத்தியமும் தெரியும். ஒருவர் வரலாறு, ஒருவர் விஞ்ஞானம், ஒருவர் ஆரம்பப் பிரிவு. எந்த ஊருக்குப் போனாலும் அங்கே மிருகக்காட்சிச்சாலையோ மீன் காட்சிச்சாலையோ இருந்தால் டிக்கட் எடுத்து உள்ளே போய், பார்த்ததைக் கொப்பியில் எழுதி, பிறகு எது நல்லது என்று தேநீர்க் கடையில் சண்டை பிடிப்பது எங்கள் பொழுதுபோக்கு. ஆகவே இந்த விடயத்தில் இரண்டு வரியில் பதில் எழுத எங்களால் முடியாது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறோம்.

முதலில் ஒரு செய்தி. அந்தச் சகோதரர் புகழ்ந்த சிங்கப்பூர் மிருகக்காட்சிச்சாலையைத் திட்டமிட ஆலோசகராக அழைக்கப்பட்டவர் யார் தெரியுமா? அவர் ஜெயில் என்று சொன்ன அதே தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையின் பணிப்பாளர். பெயர் லின் டி அல்விஸ். இலங்கையர்.

இது எப்படி நடந்தது என்று விளங்க வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

முற்காலத்தில் காட்டு மிருகம் வைத்திருப்பது அரசனின் பெருமை. அன்பளிப்பாக மிருகம் அனுப்புவது அரசியல். பக்தாதின் கலீபா ஹாரூன் அல் ரஷீத், ஐரோப்பாவில் ஆட்சி செய்த சார்லமேன் பேரரசருக்கு அபுல் அப்பாஸ் என்ற யானையை அனுப்பினார். ஐசக் என்ற யூதர் அதை வழிநடத்திக் கொண்டு போனார். 802இல் அது ஆகன் நகரத்தை அடைந்தது, 810இல் இறந்தது. கலீபாவின் யானையை ஒரு யூதர் கூட்டிப்போய்க் கிறிஸ்தவ அரசரிடம் ஒப்படைத்த இந்தக் கதையை நாங்கள் வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு கேட்பார்கள்.

ஆயிரம் வருடம் கழித்தும் இதே வழக்கம்தான். எகிப்தை ஆண்ட முஹம்மது அலி பாஷா, சூடானில் பிடித்த ஒட்டகச்சிவிங்கிக் குட்டி ஒன்றை பிரான்ஸ் மன்னருக்கு அனுப்பினார். கழுத்து நிமிர்ந்து நிற்கக் கப்பலின் மேற்தளத்தில் ஒரு துவாரம் வெட்டினார்கள். 1826 ஒக்டோபரில் மார்செய் துறைமுகத்தில் இறங்கிய அது, அடுத்த வருடம் மே மாதத்தில் பரிஸை நோக்கி நடக்கத் தொடங்கியது. 41 நாள் நடை. பால் கொடுக்கப் பசுக்களும் கூடவே நடந்தன. அதைப் பராமரித்த சூடானியர் அதீர், பரிஸிலும் அதன் கூடவே இருந்தார். 1845 வரை அது வாழ்ந்தது. அதே காலத்தில் லண்டனுக்கும் வியன்னாவுக்கும் அனுப்பப்பட்ட மற்ற இரண்டும் ஒன்றிரண்டு வருடங்களிலேயே செத்துப்போயின. மூன்றுமே அரசர்களுக்குப் போன பரிசுகள்தான். மிருகத்துக்கு என்ன தேவை என்று அந்தக் காலத்தில் கேட்டவர் குறைவு.

அந்த வியன்னா ஒட்டகச்சிவிங்கி போய்ச் சேர்ந்த இடம் ஷோன்புருன். 1752இல் அரசக் குடும்பத்துக்காகத் தொடங்கப்பட்ட அதுதான் இன்றுவரை இடைவிடாது இயங்கும் உலகின் மிகப் பழைய மிருகக்காட்சிச்சாலை. லண்டன் 1828இல் வந்தது. ஆனால் முதலில் சங்க அங்கத்தவர்களுக்கு மட்டும்தான். பொதுமக்களுக்கு 1847இல்தான் கதவு திறந்தது. பொதுமக்கள் பார்க்கக்கூடிய உலகின் முதலாவது மீன் காட்சிச்சாலையும் 1853இல் அங்கேதான் தொடங்கியது. நமக்குப் பக்கத்தில் சென்னை, 1855. அருங்காட்சியகத்தின் பொறுப்பிலிருந்த எட்வர்ட் பல்ஃபோர், உயிருள்ள மிருகம் இருந்தால் சனம் வரும் என்று கண்டுகொண்டு, கர்நாடக நவாபிடம் பேசி அவருடைய மிருகங்களைக் கேட்டு வாங்கினார். அந்தத் தொடர்ச்சிதான் 1985இல் வண்டலூருக்கு இடம் மாறியது.

இனி வருவது கசப்பான பகுதி. இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவே.

ஜேர்மனியின் ஹம்பர்க் நகரத்தில் ஒரு மீன் வியாபாரி 1848இல் சில கடல்நாய்களைக் காசுக்குக் காட்டத் தொடங்கினார். அவருடைய மகன் கார்ல் ஹேகன்பெக், உலகத்துக்கே மிருகம் விற்கும் வியாபாரியானார். ஒரு கட்டத்தில் மிருக வியாபாரம் மந்தமானபோது, 1870களின் நடுவில் அவர் வேறு ஒன்றைத் தொடங்கினார். வடதுருவப் பக்கத்துச் சாமி இன மக்களைக் குடும்பத்தோடு கூட்டி வந்து, அவர்களுடைய கலைமான்களோடு சேர்த்துக் காட்சிக்கு வைத்தார். கூட்டம் குவிந்தது. அடுத்து நூபியர்கள். 1880இல் லாப்ரடோர் கரையிலிருந்து எட்டு இனுயிட் மக்கள். அம்மை ஊசி போடாமல் கொண்டு வந்ததால், 1881 ஜனவரிக்குள் அந்த எட்டுப் பேரும் அம்மையில் இறந்தார்கள். அதில் பிள்ளைகளும் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் தீவின் முறை. 1880களில் இலங்கையிலிருந்து யானைகளோடு மனிதர்களும் கப்பலேறினார்கள். ஆட்டக்காரர், யானைப்பாகர், கைத்தொழிலாளர், பெண்கள், பிள்ளைகள். ஜேர்மன் நகரங்களிலும், 1883இல் பரிஸின் ஜார்டின் டக்லிமத்தாசியோன் மிருகத் தோட்டத்திலும் அவர்கள் காட்சியில் நின்றார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் டிக்கட் வாங்கிய சனம், இந்தப் பக்கம் நம் நாட்டு மக்கள். சம்பளம் கொடுத்தார்கள், ஒப்பந்தம் எழுதினார்கள் என்று சொல்வார்கள். இருக்கலாம். ஆனாலும் யானையைப் பார்த்த அதே கண்ணால்தான் அவர்களையும் பார்த்தார்கள்.

ஒரு தடவை இதை தரம் 9 வகுப்பில் சொன்னோம். ஒரு மாணவி எழுந்து, "சேர், அவங்களுக்கு விளங்குமா, தங்களைப் பார்க்கத்தான் ஆக்கள் வாராங்க எண்டு?" எனக் கேட்டாள். விளங்கியிருக்கும் மகளே என்றோம். அதற்கு மேல் எங்களிடம் பதில் இருக்கவில்லை.

இது ஹம்பர்க் வியாபாரியோடு முடிந்த பாவமும் அல்ல. இன்று உலகின் மிகச் சிறந்த மிருகக்காட்சிச்சாலைகளில் ஒன்றாக எண்ணப்படும் நியூயோர்க்கின் புரொங்ஸ், 1906இல் கொங்கோவைச் சேர்ந்த ஓட்டா பெங்கா என்ற இளைஞரைக் குரங்குக் கூண்டுப் பகுதியில் காட்டியது. அதை நடத்தும் சங்கம் மன்னிப்புக் கேட்டது 2020இல். இடையில் 114 வருடங்கள்.

ஆனால் வரலாறு நேர்கோட்டில் போவதில்லை. இதே கார்ல் ஹேகன்பெக்தான் 1907இல் ஹம்பர்க்குக்குப் பக்கத்தில் ஸ்டெல்லிங்கன் என்ற இடத்தில் கம்பி இல்லாத மிருகக்காட்சிச்சாலையைத் திறந்தார். எந்த மிருகம் எவ்வளவு தூரம் பாயும் என்று அளந்து, அந்த அளவுக்கு அகழி வெட்டி, செயற்கைப் பாறை அமைத்து, சிங்கத்தைத் திறந்த வெளியில் விட்டார். கூண்டுக்குப் பதிலாக அகழி என்ற முறை உலகம் முழுக்கப் பரவியது அங்கிருந்துதான். மனிதனைக் காட்சிக்கு வைத்த அதே கைதான் மிருகத்தின் கம்பியையும் கழற்றியது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை மறைப்பது வரலாறு ஆகாது.

இப்போது தெஹிவளைக்கு வருவோம்.

கார்லுக்கு ஜோன் ஹேகன்பெக் என்று ஒரு தம்பி. வாப்பா ஒன்று, உம்மா வேறு. இந்தத் தம்பி இலங்கைக்கு வந்து இங்கேயே தொழில் செய்தவர். ஏற்றுமதிக்கு முன் மிருகங்களை வைத்திருக்க ஓர் இடம் வேண்டுமல்லவா? 1920களின் கடைசியில் அப்படித் தொடங்கிய இடம்தான் தெஹிவளை. 1936இல் அதை நடத்திய கம்பனி முறிந்துபோனது, அரசாங்கம் பொறுப்பேற்றது. எங்கள் தேசிய மிருகக்காட்சிச்சாலை உருவான கதை இதுதான். காட்டிலிருந்து பிடித்த மிருகம் கப்பலுக்குக் காத்திருந்த களஞ்சியம், பிறகு நாட்டுச் சொத்தானது. இடம் நெருக்கமாக இருப்பதற்கு ஒரு காரணமும் அதில் இருக்கிறது. தொடங்கியவர்கள் அதை வாழும் இடமாக நினைத்துத் தொடங்கவில்லை. பிறகு நகரம் வந்து சுற்றி அடைத்துக்கொண்டது.

அந்த நெருக்கடியான இடத்தில் வேலை பழகியவர்தான் லின் டி அல்விஸ். சிங்கப்பூரில் 1960களின் கடைசியில், பொதுப் பயன்பாட்டுச் சபையின் தலைவர் ஒங் ஸ்வீ லோ, நீர்த்தேக்கத்தைச் சுற்றியிருந்த காட்டு நிலத்தில் ஒரு மிருகக்காட்சிச்சாலை அமைக்கலாம் என்று யோசித்தார். அப்போது ஆலோசகராகக் கொழும்பிலிருந்து டி அல்விஸை அழைத்தார்கள். அரசாங்கம் ஒதுக்கியது 90 இலட்சம் சிங்கப்பூர் டொலர். கம்பிக் கூண்டைத் தவிர்த்து, அகழியாலும் மரம் செடிகளாலும் எல்லை போடும் திறந்த வெளி முறையில் திட்டம் அமைந்தது. 1973 ஜூன் 27ஆம் திகதி திறக்கும்போது 270 மிருகங்கள், 130 ஊழியர்கள். அதற்குப் பக்கத்திலேயே 1994இல் நைட் சபாரி வந்தது. இரவில் உலாவும் மிருகங்களுக்கென்றே அமைந்த உலகின் முதலாவது மிருகக்காட்சிச்சாலை அது.

ஆகவே அந்தச் சகோதரரின் பிள்ளைகள் கம்பி இல்லாமல் ஒராங்குட்டானைப் பார்த்த மகிழ்ச்சியில் தெஹிவளையின் பங்கும் உண்டு. நாங்கள் இங்கே செய்ய முடியாததை எங்கள் ஆள் அங்கே போய்ச் செய்தார். இடம் இருந்தது, பணம் இருந்தது, சொன்னதைக் கேட்கும் அரசாங்கமும் இருந்தது. "நம்ம ஆக்களுக்குத் தெரியாது" என்ற பேச்சு மட்டும் பொய்.

சரி, அப்படியென்றால் தெஹிவளையும் சிங்கப்பூரும் ஒன்றா? இல்லை. இங்கேதான் ஒப்பிடும் முறையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

எங்கள் பழைய கொப்பியை எடுத்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. "சிங்கம் 4, புலி 2, முதலை பெரிது, யானை ஆட்டம் நல்லம், கென்டீன் விலை கூட." இவ்வளவுதான். முதலாவது பாடசாலைச் சுற்றுலாவில் எங்கள் மாணவர்கள் குரங்குக்குக் கச்சான் எறிந்தபோது நாங்களும் நின்று சிரித்தோம். பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண் பற்றிய ஹதீஸை மத்ரஸாவில் கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாங்கள். கூண்டுக்கு முன்னால் நிற்கும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை.

பிறகு ஒரு தனியார் இடத்தில் ஒரு கரடியைக் கண்டோம். சுவரோரமாக ஏழு அடி நடந்து, தலையை ஆட்டி, திரும்பி, மறுபடி ஏழு அடி. அரை மணித்தியாலம் நின்று பார்த்தோம். நடை மாறவில்லை. பிள்ளைகள் அது ஆடுகிறது என்று கைதட்டினார்கள். அன்றுதான் விஞ்ஞான ஆசிரியர் சுவிட்சர்லாந்தின் ஹெய்னி ஹெடிகரைப் பற்றிச் சொன்னார். பேர்ன், பாசல், சூரிச் நகர மிருகக்காட்சிச்சாலைகளை நடத்திய அவர், அடைபட்ட மிருகத்தின் நடத்தையை ஆராய்ந்து 1942இல் புத்தகம் எழுதியவர். இடம் எவ்வளவு பெரிது என்பதைவிட, அந்த இடத்தில் மிருகத்துக்கு என்ன இருக்கிறது என்பதே முக்கியம் என்பது அவர் கருத்து. ஒளிய ஓர் இடம், ஏற ஒரு மரம், தோண்ட மண், செய்ய ஒரு வேலை.

அன்று முதல் எங்கள் கொப்பியில் நான்கு கேள்விகள்தான். பார்க்கிறவர்களிடமிருந்து மிருகம் ஒளிந்துகொள்ள இடமிருக்கிறதா? நாங்கள் நின்ற நேரத்தில் அது என்ன செய்துகொண்டிருந்தது? பராமரிப்பவரிடம் கேட்டால் அதன் பெயரும் வயதும் எங்கே பிறந்தது என்பதும் தெரியுமா? இந்த இடத்தால் காட்டுக்கு ஏதாவது திரும்பிப் போயிருக்கிறதா?

உலகத்தில் இதை முறையாகச் செய்யும் அமைப்புகள் உண்டு. அமெரிக்காவின் மிருகக்காட்சிச்சாலைகள், மீன் காட்சிச்சாலைகளின் சங்கம் 1924இல் தோன்றியது. தரச்சான்று வழங்கும் முறையை 1974இல் தொடங்கி, 1985இல் அங்கத்தவர் எல்லோருக்கும் கட்டாயமாக்கியது. வைத்தியம், உணவு, இடம், பாதுகாப்பு, ஊழியர் பயிற்சி, கணக்கு வழக்கு, கல்வி என்று எல்லாம் பார்த்துத்தான் சான்று கொடுப்பார்கள். ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை மறுபடி பரீட்சை. அந்த நாட்டில் மிருகம் காட்ட அனுமதி பெற்ற இடங்களில் 10 விழுக்காட்டுக்கும் குறைவானவையே இந்தச் சான்றைப் பெற்றிருக்கின்றன. சான்று பெற்ற இடங்களை மட்டும் தேடிப்போய் எண்ணி வைக்கும் ஆர்வலர்களும் இருக்கிறார்கள். அந்தனி ஷெரிடன் என்ற பிரித்தானியர் ஐரோப்பிய மிருகக்காட்சிச்சாலைகளைத் திரும்பத் திரும்பச் சுற்றிப் பார்த்துத் தரவரிசை போட்டுப் புத்தகமாகவே வெளியிட்டார். அவர் பட்டியலில் பல தடவை முதலிடம் பிடித்தது அந்த 1752 ஷோன்புருன்தான். பழைய இடம் திருந்த முடியாது என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நான்காவது கேள்விக்கு ஓர் உதாரணம் சொல்கிறோம். கட்டார் எயார்வேஸ் விமானத்தில் ஏறியவர்கள் அதன் வாலில் இருக்கும் கொம்பு மானைக் கண்டிருப்பீர்கள். அராபிய ஓரிக்ஸ். ஜீப்பும் துப்பாக்கியும் வந்த பிறகு பாலைவனத்தில் அதை வேட்டையாடியே முடித்தார்கள். 1962இல் ஏடன் பகுதியில் எஞ்சியிருந்ததில் சிலவற்றைப் பிடித்து, லண்டன், குவைத், சவுதி அரேபியாவிலிருந்து கிடைத்தவற்றையும் சேர்த்து, அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் மிருகக்காட்சிச்சாலையில் வளர்த்தார்கள். 1972இல் காட்டில் கடைசி மானும் போனது. 1982இல் ஓமான் பாலைவனத்தில் வளர்ப்பு மான்களைத் திரும்ப விட்டார்கள். பிறகு அங்கேயும் திருட்டு வேட்டை வந்தது. ஓமான் சரணாலயத்தைச் சுருக்கியது. 2007இல் யுனெஸ்கோ தன் உலக மரபுப் பட்டியலிலிருந்து முதன்முறையாக நீக்கிய இடம் அதுதான். ஆனாலும் மற்ற இடங்களில் மான் பெருகியது. 2011இல் அதன் அபாய நிலை ஒரு படி குறைக்கப்பட்டது. காட்டில் முற்றாக அழிந்த ஒரு மிருகம் அந்த அளவுக்கு மீண்டது அதுவே முதல் தடவை.

ஷேக் ஸாயித் 1968இல் தொடங்கிய அல் ஐன் மிருகக்காட்சிச்சாலையில், அங்கே வேலை செய்த காலத்தில் எங்களில் ஒருவர் இந்த மானைப் பார்த்தார். வெயிலில் அசையாமல் நின்றதாம். சிங்கத்துக்கு முன்னால் இருந்த கூட்டம் அங்கே இல்லையாம். எங்கள் கொப்பியில் அதிகப் புள்ளி அதற்குத்தான்.

இனி எங்கள் பட்டியல். நடந்து பார்க்கச் சிங்கப்பூர். விசாலத்துக்கு வண்டலூர். செய்த காரியத்துக்கு அல் ஐன். உள்நாட்டில், 1975இல் தொடங்கிய பின்னவலவை எங்களில் இருவர் முதலாவதாக வைக்கிறோம். 2021இல் அங்கே இரட்டை யானைக் குட்டிகள் பிறந்தபோது எங்கள் பாடசாலையில் இனிப்புக் கொடுக்காத குறைதான். மற்றவர் ஒத்துக்கொள்வதில்லை. "சங்கிலியும் சுற்றுலாப் பயணியும் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்குப் புள்ளி கூட்டுறேன்" என்பது அவர் நிலைப்பாடு. 2016இல் திறந்த ரிதியகம சபாரி பூங்காவுக்கு அவர் வாக்கு. அங்கே மிருகம் வெளியில் திரிகிறது, நாங்கள்தான் பஸ்ஸுக்குள் அடைபட்டிருக்கிறோம் என்று சொல்லிச் சிரிப்பார்.

தெஹிவளை எங்கள் பட்டியலில் மேலே இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். சில கூண்டுகளுக்கு முன்னால் எங்களால் இப்போது நிற்க முடிவதில்லை. ஆனால் அதை ஜெயில் என்று சொல்லிவிட்டுப் போவதிலும் எங்களுக்கு உடன்பாடில்லை. அது எங்கள் நாட்டுச் சொத்து. அதன் குறைக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அதன் நிறைவுக்குச் சிங்கப்பூரில் ஓர் அத்தாட்சி இருக்கிறது. கப்பலுக்குக் காத்திருந்த களஞ்சியத்தை வாழும் இடமாக மாற்றும் வேலை இன்னும் முடியவில்லை. டிக்கட் எடுத்துப் போகும் நாம்தான் அதைக் கேட்க வேண்டும். யானை ஆட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்ட தலைமுறை நாங்கள். எங்கள் பிள்ளைகள் வேறு கேள்வி கேட்கட்டும்.

அடுத்த விடுமுறைக்குப் பிள்ளைகளோடு எங்கே போனாலும் அந்த நான்கு கேள்விகளைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். கடைசியாக ஐந்தாவது ஒன்றையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்: முன்னொரு காலத்தில் இந்த வேலிக்குள் மனிதர்களும் நின்றார்கள், அவர்கள் எங்கள் தீவிலிருந்தும் போனவர்கள் என்று இங்கே எங்காவது எழுதியிருக்கிறதா?

ஊரில் யாரிடமாவது பழைய தெஹிவளைப் புகைப்படங்கள், பாடசாலைச் சுற்றுலாப் படங்கள் இருந்தால் எங்களுக்குத் தாருங்கள். பிரதி எடுத்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருவோம். வரலாற்றுப் பாட அறையில் ஒரு சுவர் காலியாக இருக்கிறது.